எண்பது காந்த மணிகள்

அக்கா எதைச் செய்தாலும் ஒரு முறை கீழே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். மேசை உயரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, விரல்களை மட்டும் விரிப்பார். கல் துண்டு மொசைக் தரையில் டொக்கென்று விழும். எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே காந்த மணிகள் உருளும் சத்தம் சரியாக இருந்தால் பெட்டிக்குப் போகும். மூலை உடைந்திருந்தாலோ அடிமூடி லேசாக விட்டிருந்தாலோ குப்பைக்கூடைக்குப் போகும். இரண்டு நாள் உழைத்த துண்டாக இருந்தாலும் முகம் மாறாது.

"கீழ விழாத சாமான் எங்கயும் கிடையாது தம்பி. எப்படியும் விழத்தான் போகுது. மொத தடவ என் கையால விழட்டும்."

சாமான்களை இப்படிச் சந்தேகப்பட்டவருக்கு மனிதர்களைச் சந்தேகப்படத் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் "அப்படியா, சரி" என்பார். தில்லியில், கரோல் பாகில் ஓர் ஆட்டோக்காரர் "மெட்ரோ பந்த் ஹை மேடம்", மெட்ரோ ஓடவில்லை, என்று சொன்னதும், எதிரே நிலையத்தின் படிக்கட்டில் ஜனங்கள் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நான் கையைப் பிடித்து இழுக்காத குறை.

"அக்கா, பொய் சொல்றான்."

"மெனக்கெட்டு வந்து சொல்லுதாரு. பொய்யா சொல்லப் போறாரு?"

அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை மௌசி, அதாவது அம்மாவின் தங்கை, இறந்துபோனார். மூன்று முறையும் அந்த ஆளின் வேலையை அக்காவே முடித்துக் கொடுத்தார். மூன்றாவது முறை வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு துக்கம் கேட்கப் போனார். அந்த இடமே சிரித்தது. கதையைக் கேட்டு நானும் சிரித்தேன்.

"மூணு சித்தி இருக்கக் கூடாதா? எனக்கே நாலு பேரு இருக்காவ" என்றார் அக்கா, கோபமில்லாமல்.

அவருடைய வேலை பல் செய்வது. கரோல் பாகில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் சிறிய லேப் ஒன்று இருந்தது. ஊர் கோவில்பட்டிப் பக்கம். கணவர் ராணுவத்தில். அப்போது அம்பாலாவில் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறை வருவார். எனக்கு உடைந்திருந்த முன்பல்லுக்கு உறை போடுவதற்காக, புசா ரோடு மருத்துவர் என்னை அந்த லேபுக்கு அனுப்பினார். மற்ற பற்களின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். அக்கா சின்னச் சின்ன மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக என் உதட்டருகே பிடித்துப் பார்த்தார். "வாய மூடுங்க, தொறங்க" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தவர், தனக்குள் "ஊஹூம், இது வேற மஞ்சளுல்லா" என்று முணுமுணுத்ததும் நான் வாயைத் திறந்தபடியே சிரித்துவிட்டேன். அப்படித்தான் பழக்கம்.

என் கண் அவருக்குப் பின்னாலிருந்த அலமாரியில் இருந்தது. வரிசையாக நூற்றுக்கணக்கான தாடைகள். தண்ணீரில் கலந்தால் கல்லாக இறுகும் மஞ்சள் நிற மாவில், கல்மாவில், வார்த்தவை. ஒவ்வொரு ஈறும் ஒவ்வொரு பள்ளமும் அப்படியே பதிந்திருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுதான் ஞாபகம் வந்தது.

நாங்கள் ஐந்து பேர், ஞாயிறு பிற்பகல்களில் லஜ்பத் நகரில் விக்ரம் வீட்டில் கூடி விளையாடுவோம். விக்ரம் கதை சொல்வான். நாங்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். "வாசலில் ஒரு காவல்காரன் நிற்கிறான், என்ன செய்கிறீர்கள்?" என்பான். நாங்கள் சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடக்கும் கோட்டை, சுரங்கம், பாலம் எல்லாவற்றையும் மேசைமேல் அட்டையில் வெட்டி அடுக்கி வைப்போம். யாராவது முழங்கை பட்டால் கோட்டை கலைந்துவிடும். அரை மணி நேரம் திரும்ப அடுக்க வேண்டும்.

கைபேசியில் படங்களைக் காட்டி இதை அக்காவிடம் விளக்கினேன். கல் தளம் போல, செங்கல் சுவர் போலச் சதுரத் துண்டுகள் வேண்டும், எப்படி வேண்டுமானாலும் மாற்றி மாற்றிச் சேர்க்கும்படி இருக்க வேண்டும், சேர்த்தால் அசையக் கூடாது என்றேன்.

"ஒட்டணும். வேணுங்கும்போது பிரியணும். அவ்வளவுதானே?" என்றார்.

அடுத்த முறை பல்லை மாட்டப் போனபோது இரண்டு துண்டுகள் தயாராக இருந்தன. உள்ளங்கையளவு. மேலே தேய்ந்த கற்கள் பதித்த தரை. தாடை வார்க்கும் அதே கல்மாவு. இரண்டையும் மேசைமேல் வைத்து ஒன்றை மற்றொன்றின் பக்கம் நகர்த்தினார். டக்கென்று ஒட்டிக்கொண்டன. திருப்பி வைத்தார், அப்போதும் ஒட்டின. காந்தத்துக்கு இரண்டு முனை உண்டு, ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தள்ளுமே என்று கேட்டேன்.

"உருண்டைக் காந்தம் போட்டிருக்கேன். இறுக்கிப் பூசிட்டா அது முரண்டு பிடிக்கும். உள்ள கொஞ்சம் எடம் விட்டா தானே திரும்பி ஒட்டிக்கிடும்."

துண்டின் நான்கு பக்கத்துக்கும் நான்கு குழி. குழிக்கு ஒரு வெள்ளி நிறக் காந்த மணி, மிளகைவிடச் சற்றுப் பெரியது. ஒவ்வொரு குழிக்கும் அடியில் ரோஸ் நிற மூடி. பல்செட்டின் ஈறு செய்யும் பொருளையே வட்டமாக வெட்டி, இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டியிருந்தார். மேலே பாழடைந்த கோட்டை, திருப்பினால் ஈறு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிறு காலைகள் லேபிலும் பிற்பகல்கள் விக்ரம் வீட்டிலுமாகப் போயின. ஞாயிறு லேபுக்கு விடுமுறை. முதலாளி அக்காவிடம் சாவியைக் கொடுத்து வைத்திருந்தார். நான் மாவு கலக்குவேன். குழி குடைவது, மணி போடுவது, மூடுவது எல்லாம் அக்கா. கடைசியில் கீழே போட்டுப் பார்ப்பது.

ஒரு முறை கேட்டேன், எப்படி அக்கா எல்லாரையும் நம்புகிறீர்கள் என்று. ஒரு பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே சொன்னார்.

"நான் எந்த வாயையும் பாத்தது கிடையாது தம்பி. உங்கள மாதிரி ஒண்ணு ரெண்டு பேரு வருவாங்க, அவ்வளவுதான். டாக்டர் ஒரு சீட்டுல எழுதி அனுப்புவாரு. அதை நம்பித்தான் பல்லு செய்யுதேன். அவரு தப்பா எழுதிருப்பாரோன்னு நானா ரெண்டு நூல் கூட்டிக் கொறைச்சா எந்த வாயிலயும் பொருந்தாது."

விக்ரம் வீட்டுக்கு ஒரே ஒரு ஞாயிறு விளையாட வந்தார். அன்று அவர் செய்த கோட்டையைத்தான் மேசையில் அடுக்கியிருந்தோம். அவருக்கும் ஒரு பாத்திரம் கொடுத்தோம். கோட்டை வாசலில் கிழட்டுக் காவல்காரன் ஒருவன் அவரை மறித்தான். விக்ரம் குரலை மாற்றிக்கொண்டு, "சாவி என்னிடம் இல்லை" என்றான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குகிறது என்றும் சொன்னான். நாங்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். மிரட்டலாம், திருடலாம், பகடை கையில் இருக்கிறது.

"அச்சா, சரி" என்றார் அக்கா, தெரிந்த இந்தியில். "இல்லன்னா இல்ல. பாவம் வயசான மனுசன். வேற வழி இருக்கான்னு பாப்போம்."

மேசை அதிரச் சிரித்தோம். விக்ரமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுடைய நாலு வயது மகள் பிங்கி, ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே குதித்துக் குதித்துச் சிரித்தாள். அக்கா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கோட்டையின் சாக்கடைப் பக்கமாக ஒரு வழியைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டார். அந்த வழியைத் தான் யோசித்தே வைக்கவில்லை என்று விக்ரம் பிறகு ஒப்புக்கொண்டான். ஆனால் எங்களுக்குச் சாவிக்கொத்துதான் நினைவில் நின்றது. அக்காவை மற்றவர்கள் இந்தியில் தீதி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து யாராவது ஏமாந்தால் எங்கள் குழுவில் "தீதி ஆகிவிட்டான்" என்போம். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தது நான்தான்.

அந்த ஜனவரியில், தெற்கு தில்லியில் விக்ரமுக்குத் தெரிந்த ஒரு காபிக் கடையில், குடும்பங்களுக்கான விளையாட்டுப் பிற்பகல் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். பெரிய மேசையில் ஒரு நகரமே வேண்டும் என்றான் விக்ரம். அறுபது துண்டுகள். அக்கா நாற்பதை முடித்துவிட்டார். மிச்சம் இருபதை வார்த்துக் குழி குடைந்து வைத்திருந்தார். மணி போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம் லேபில் வேலை அதிகம் என்பதால் நான் செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எண்பது மணிகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். மூடிகளையும் பசைக் குழாய்கள் இரண்டையும் தந்தார்.

"குளிர்ல இது மெதுவாத்தான் எறுகும். ஒரு முழு நாள் விட்டுருங்க. பொறவு ஒவ்வொண்ணா கீழ போட்டுப் பாருங்க."

நான் லோதி ரோடு பக்கம் ஓர் அரசு குவார்ட்டர்ஸில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஒரு வாரமாக வெயிலே இல்லை, ஜன்னலுக்கு வெளியே பனி மட்டும்தான். நான் நாளைக் கடத்தினேன். அலுவலகம், நண்பர்கள், குளிர், போர்வை. நிகழ்ச்சிக்கு முதல் நாள் சனிக்கிழமை காலையில்தான் டப்பாவைத் திறந்தேன். இரண்டு குழாய்ப் பசை இறுகுவதற்கு நேரமில்லை. கீழே கடையில் உடனே ஒட்டும் பசை வாங்கி வந்தேன். சொட்டு விட்டால் பத்து எண்ணுவதற்குள் பிடித்துக்கொண்டது. கல்மாவின் தூசியைக்கூட நான் சரியாகத் துடைக்கவில்லை. எண்பது மணி, எண்பது மூடி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நான் செய்த விதம் சரியில்லை என்று அப்போதே தெரியும். கீழே போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் போட்டுப் பார்க்கவில்லை.

மாலையில் லேபுக்குக் கொண்டுபோனேன். அக்கா முதல் துண்டை எடுத்து மேசை உயரத்தில் பிடித்தார்.

"பாத்துட்டேன் அக்கா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

விரல்களை விரிக்கவில்லை. துண்டைப் பெட்டிக்குள் வைத்தார். "அப்ப சரி" என்றார்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. குழந்தைகள் மேசையைச் சுற்றி நின்று துண்டுகளை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். டக் டக்கென்ற சத்தமும் சிரிப்பும் கடை முழுக்கக் கேட்டன. எத்தனையோ துண்டுகள் கீழே விழுந்தன. அக்கா செய்தவை உடையாமல் மேசைக்குத் திரும்பின.

முடிந்து எல்லாரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் குலுக்கியவர் நிறுத்தினார். திருப்பினார். அடியில் இரண்டு குழி திறந்து கிடந்தன.

"தம்பி, இதுல ரெண்டு மணி இல்ல."

என் துண்டு. விக்ரம் பிங்கிக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தான். வேறு யாரோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால், பசையை மாற்றினேன், சோதிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"அதுல நான் போடவே இல்ல அக்கா. மணி ரெண்டு கொறஞ்சுது. அந்தப் பக்கத்த காலியா விட்டுட்டேன்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொறஞ்சுதா? எண்ணித்தானே தந்தேன்."

"கொறஞ்சுது."

"அப்படியா. அப்ப நான்தான் தப்பா எண்ணிருப்பேன். சரி." பிறகும் ஒரு முறை மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். "குழந்தைங்க இருக்கிற எடம், அதுக்காகக் கேட்டேன்."

எல்லாரும் போன பிறகு நான் மண்டியிட்டுத் தேடினேன். குளிர்பெட்டிக்கு அடியில், நாற்காலிக் கால்களுக்கு இடையில், கைபேசி வெளிச்சத்தில். கிடைக்கவில்லை. எங்காவது உருண்டு போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பிங்கிக்கு வாந்தி. குளிர், வெளியே சாப்பிட்டது, அப்படி ஏதாவது இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள். புதன்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். விக்ரம் அதை எங்கள் குழுவுக்கு அனுப்பினான். சாம்பல் நிற விலா எலும்புகளுக்குக் கீழே இரண்டு வெள்ளைப் புள்ளிகள், ஒன்றையொன்று தொட்டபடி.

ஒன்றை முதலில் விழுங்கியிருக்கிறாள், சற்று நேரம் கழித்து மற்றதை. உள்ளே குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டன. நடுவில் மாட்டிய சதை ஓட்டையாகிவிட்டது. ஞாயிறன்றே வந்திருந்தால் குழாய் விட்டு எடுத்திருப்போம், இப்போது வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது அக்கா லேபிலிருந்து நேராகப் பஸ் பிடித்து வந்தார். கையெல்லாம் கல்மாவு. சால்வையில்கூட மஞ்சள் தூசி. விக்ரம் அவரைப் பார்த்ததும் எழுந்தான்.

"கிஸ்னே பனாயா தா வோ?" என்று கத்தினான். யார் செய்தது அதை?

"மைனே" என்றார் அக்கா. நான்தான்.

பிறகு அவருடைய உடைந்த இந்தியில் மெதுவாகச் சொன்னார். செய்தது தான்தான் என்றும், எண்ணிக் கொடுத்ததில் தவறிவிட்டது என்றும், எந்தத் துண்டிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை, தான் எதையோ சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டதாகவும். விக்ரம் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. அவன் மனைவி சுவரைப் பார்த்து நின்று அழுதாள். அக்கா தலையைக் குனியவில்லை. சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றார். யாரையோ காப்பாற்றுகிற முகம் இல்லை அது. தான்தான் செய்தோம் என்று உண்மையாகவே நம்பினார். அந்தத் துண்டில் மணியே போடவில்லை என்று நான் சொல்லியிருந்தேனே. அப்படியானால் வேறு துண்டிலிருந்துதானே விழுந்திருக்க வேண்டும்?

நான் அவருக்கு அருகில்தான் நின்றிருந்தேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

பிங்கி பிழைத்தாள். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றில் தொப்புளுக்கு மேலே ஒரு கோடு, விரல் நீளத்துக்கு.

விக்ரமின் மனைவி லேப் முதலாளிக்குப் போன் செய்தாள். லேபில் செய்த சாமான், லேபின் மாவு, லேபின் எந்திரம். முதலாளி சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். பதினொரு வருட வேலை.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், அலுவலகத்தில் இருந்தபோது அக்கா போன் செய்தார்.

"தம்பி, என்னோட நாப்பதையும் ஒடைச்சிப் பாத்துட்டேன். நூத்தி அறுவது மணியும் உள்ளேயே இருக்கு. இந்த அறுவது துண்டுக்குன்னு நான் வாங்கினது எரநூத்தி அம்பது. டப்பால பத்து மிச்சம் கெடக்கு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்ப உங்களுக்கு எம்பது தந்திருக்கேன். சரியா எண்ணித்தான் தந்திருக்கேன். இல்லையா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். போகிற அந்த நேரம் முழுவதும் எனக்கு அவகாசம் இருந்தது.

"தெரியல அக்கா. நான் எண்ணிப் பாக்கல."



"சரி" என்றார். வைத்துவிட்டார். அதன்பின் அவர் என்னை அழைக்கவில்லை. அம்பாலாவுக்குப் போய்விட்டதாக லேபில் சொன்னார்கள்.

எங்கள் விளையாட்டு சில மாதங்கள் நின்று, பிறகு தொடர்ந்தது. மறுபடியும் அட்டைதான். இரண்டு வருடம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, காந்தம் வைத்த துண்டுகள் கிடைக்கின்றனவே, வாங்கலாமா என்று கேட்டாள். விக்ரம் முகம் இறுகிவிட்டது. இன்னொருவன் சூழ்நிலையை இலகுவாக்க, "எங்களுக்கு ஒரு பல் தீதி இருந்தார். எண்ணத் தெரியாத தீதி" என்று கதையை ஆரம்பித்தான். சாவிக்கொத்துக் கதையையும் சேர்த்துச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். என் சிரிப்பும் அதில் இருந்தது. எனக்கே அது காதில் விழுந்தது.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்தேன். எடுப்பார் என்று நினைக்கவில்லை. எடுத்தார். பின்னால் குக்கர் சத்தம்.

"அக்கா, நான் எண்ணினேன். அன்னைக்கு எண்பது இருந்துச்சு. எல்லாத்துலயும் போட்டேன். பசைய மாத்திட்டேன். கீழ போட்டுப் பாக்கல."

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் அக்கா என்னைக் கேக்கல?"

"கேட்டேனே. போன் போட்டுக் கேட்டேம்லா? அதான் கேட்டது."

மன்னிச்சிருங்க அக்கா என்று ஏதோ உளறினேன்.

"விக்ரம்ட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"பெத்தவருகிட்டச் சொல்லாம எனக்கு எதுக்குச் சொல்லுதீங்க? எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லி என்ன ஆகப் போகுது?" குரல் உயரவே இல்லை. "அடுப்புல வேல கெடக்கு. வைக்கேன்."

அந்த ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் விக்ரம் வீட்டுக்குப் போனேன். பிங்கி பள்ளி நாடகத்துக்காக ஏதோ பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். விக்ரமிடம் சொன்னேன். பசை, சோதிக்காதது, காபிக் கடையில் சொன்ன பொய், போனில் சொன்ன பொய். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ அவருக்குப் பக்கத்தில் நின்றாய்" என்றான் இந்தியில். "நான் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நீ குடித்தாய்."

"ஆமாம்."

அக்காவின் எண்ணைக் கேட்டான். கொடுத்தேன். போனைக் காதில் வைக்காமல், ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். அக்கா எடுத்ததும் "தீதி" என்று கூப்பிட்டான். அதற்கு மேல் மாஃப் கர் தோ, மாஃப் கர் தோ என்று மன்னிப்பே கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "பச்சி கைஸீ ஹை?" என்றார். குழந்தை எப்படி இருக்கிறாள்? நன்றாக இருக்கிறாள், பாடுகிறாள் பாருங்கள், கேட்கிறதா என்றான். கொஞ்ச நேரம் அந்தப் பாட்டைக் கேட்டார்.

பிறகு, "உஸ்னே ஸப் பதாயா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டானா?

விக்ரம் என்னைப் பார்த்தான். "ஸப் பதாயா?"

ஒன்று பாக்கி இருந்தது. அக்காவுக்குக்கூட அது தெரியாது. இந்தக் கதையை இதுவரை எழுதியபோதும் நான் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன்.

அன்று காபிக் கடையில் அக்கா பெட்டி கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, விளையாட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோதே, என் ஷூவுக்கு அடியில் ஏதோ நெருடியது. காலைத் தூக்கினேன். ரோஸ் நிற மூடி. சற்றுத் தள்ளி இன்னொன்று. அது என்ன, எதிலிருந்து விழுந்தது, உள்ளே இருந்தவை வெளியே வந்துவிட்டன, எல்லாம் அந்தக் கணமே புரிந்துவிட்டது. அக்கா பார்த்துவிடுவாரோ என்று மட்டும்தான் நினைத்தேன். குனிந்து இரண்டையும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஆட்டத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இதை விக்ரமிடம் சொன்னேன். மேசைமேல் போன் திறந்தபடியே இருந்தது.

அவன் கேட்டான், நீ குனிந்தபோது பிங்கி எங்கே இருந்தாள் என்று.

"எனக்கு எதிரே" என்றேன். "தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டடி தூரம். வாயில் எதையோ வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். மிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்."